டாப் ஃபிராக் அவன்தான், தோற்பது நாங்கள்தான்: டீமில் ஸ்னைப்பரின் வேலை என்ன?

#1 கடைசிஆள்

வணக்கம் மக்களே. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ்2) என்ற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கி ஆட்டத்தில், தரவரிசைக்கான பிரீமியரில் ஆடுகிறோம். அதில் ஒருவன் பள்ளிக்கால நண்பன். ஆட்டக் காசு கையில் இருந்தால் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை வாங்குவான், இல்லாவிட்டால் எங்களில் யாரையாவது நச்சரித்து வாங்கவைப்பான். ஸ்கோர்போர்டில் கொலைக் கணக்கில் (ஃபிராக்) அவன் பெயர் பெரும்பாலும் உச்சியில் இருக்கும். ஆட்டம் பெரும்பாலும் எதிராளிக்குப் போய்விடும். ஏதாவது கேட்டால், "நான்தான்டா டாப், நீங்க என்ன பண்ணீங்க?" என்கிறான்.

சண்டை போட இங்கே வரவில்லை, நிஜமாகவே புரியவில்லை. இத்தனை பேரைச் சுடுகிறவன் கூடவே இருந்தும் ஏன் தோற்கிறோம்? ஸ்னைப்பர் என்பவர் டீமுக்கு என்னதான் செய்து தர வேண்டும்? வேறு ஷூட்டர் ஆடுகிறவர்களும் சொல்லுங்கள்.

#2 நோஸ்கோப்77

அடுத்த மேட்சில் கத்தியோடு ரஷ் போகச் சொல்லுங்கள். திருந்திவிடுவார்.

#3 திருச்சி1.6

தம்பி, முதலில் பணக்கணக்கைப் பாருங்கள். ஏடபிள்யூபி 4750 டாலர், ஏகே ரைஃபிள் 2700. கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1000. ரைஃபிள் எடுப்பவர் 3700-இல் தயாராகிவிடுவார், உங்கள் நண்பருக்கு 5750 வேண்டும். தோற்ற ரவுண்டுக்குக் கிடைக்கும் பணம் 1400-இல் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் 3400 வரை ஏறும். அந்த உச்சத்தை வாங்கினால்கூட அதை மட்டும் வைத்து ஏடபிள்யூபி வாங்க முடியாது. ஒருவரைச் சுட்டால் ரைஃபிளுக்கு 300 கிடைக்கிறது, ஏடபிள்யூபிக்கு 100தான். பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 காலத்தில் எதில் சுட்டாலும் 300. அதை வேண்டுமென்றேதான் மாற்றினார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? அந்தத் துப்பாக்கி தன் விலையைத் தானே சம்பாதிக்காது. மற்ற நால்வரும் சேர்ந்து ரவுண்டை ஜெயித்தால்தான் அடுத்ததை வாங்க முடியும். நீங்கள் வாங்கித் தரும் ரவுண்டில் உங்கள் கையில் பிஸ்டல் மட்டும் இருக்கிறது என்றால், அவர் ஒருவராக ஆடவில்லை. உங்கள் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆடுகிறார். அதற்கு ஈடாக என்ன தருகிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவர் தர வேண்டியது இரண்டு. ஒன்று, ரவுண்டின் தொடக்கத்தில் ஒரு கொலை. டஸ்ட் 2 மேப்பில், பாம் வைக்க வரும் டெரரிஸ்ட் பக்கத்திலிருந்து மிட் (நடுப்பகுதி) கதவு இடுக்கு வழியாகக் குறிவைத்து, பாம் வைக்கும் இடமான பி சைட்டுக்கு ஓடும் சிடி (காக்கும் பக்கம்) ஒருவரை எடுத்துவிட்டால், மீதி ரவுண்டு முழுக்க 5-க்கு 4. இரண்டாவது, யாரையும் சுடாமலே ஒரு வழியை அடைப்பது. மிராஜ் மேப்பில் மிட்டைப் பார்க்கும் ஜன்னலில் ஒரு ஏடபிள்யூபி இருக்கிறது என்று தெரிந்தால் மிட்டில் சும்மா நடந்துவர யாருக்கும் கால் வராது. பார்வையை மறைக்கும் ஸ்மோக் போட வேண்டும், அது விரிய வேண்டும், கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் எறிய வேண்டும். ஒரு ரவுண்டு 1 நிமிடம் 55 நொடி. அதில் ஒரு பெரும்பகுதியும் இரண்டு மூன்று கிரனேடும் அங்கேயே போய்விடும். இது எந்த ஸ்கோர்போர்டிலும் வராது.

ஸ்கோர்போர்டில் இன்னொன்றும் வராது. கொலை எப்போது விழுந்தது என்பது. இருபதாவது நொடியில் மிட்டில் ஒருவரை விழுத்துவதும், பாம் வெடிக்கப் போகிறது என்று சைட்டை விட்டு ஓடுகிறவரை முதுகில் சுடுவதும் அங்கே ஒரே எண்தான். உங்கள் மேட்ச் டெமோவை, அதாவது ஆட்டப் பதிவைத் திறந்து, நண்பரின் கொலைகள் எந்த நேரத்தில் விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

#4 பிங்120

திருச்சி அண்ணே, கணக்கெல்லாம் சரி. ஆனால் மேல்மட்டத்தில் பாருங்கள். எச்எல்டிவி தளத்தின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் தரவரிசையில் 2018, 2021, 2022 மூன்று ஆண்டும் சிம்பிள் முதலிடம். 2019, 2020, 2023 ஸைவூ. ஆறு ஆண்டும் ஏடபிள்யூபி தூக்குகிற இரண்டே பேர். சுமை என்றால் இது எப்படி நடக்கும்?

இன்னொன்று. 2015 மார்ச்சில் ஸ்கோப் போட்டபடி நகரும் வேகத்தைக் குறைத்தார்கள். கென்னிஎஸ் என்ற ஏடபிள்யூபிக்காரர் ஆடிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 2022 நவம்பரில் பத்து குண்டு மேகசின் ஐந்தானது. பயனில்லாத ஆயுதத்தை இப்படித் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

#5 திருச்சி1.6

சுமை என்று நான் எங்கே சொன்னேன்? கடன் என்கிறேன். திருப்பிக் கட்டுகிறவர் கையில் கொடுத்தால் லாபம்.

நீங்கள் சொன்ன இருவரையும் காசில்லாத ரவுண்டில் பாருங்கள். பிஸ்டலிலும் எடுப்பார்கள், ஏகே கொடுத்தாலும் எடுப்பார்கள். ஏடபிள்யூபி இல்லையென்றால் முகம் வாடிப்போகிற ஆட்கள் இல்லை. 2024-இல் அதே தரவரிசையில் முதலிடம் வந்த டாங்க் (donk) ரைஃபிள்காரர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#6 ஊபர்அக்கா

டீம் ஃபோர்ட்ரஸ் 2 (டிஎஃப்2) பக்கத்திலிருந்து வருகிறேன். 2007-இல் வந்த ஆட்டத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறோம். நான் மெடிக், டீமுக்கு உயிர் ஏற்றும் மருத்துவர். ஸ்னைப்பரின் குறியில் தினமும் நிற்கிற பிழைப்பு. அதனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அங்கே பணம் கிடையாது. விலை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். ஸ்கோப் போட்டதும் உடம்பில் சுட்டால் 50 சேதம். மூன்று நொடிக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து முழு சார்ஜ் ஏற்றினால் 150. தலையில் பட்டால் மூன்று மடங்கு, அதாவது 150 முதல் 450 வரை. இந்த எண்களைச் சும்மா வைக்கவில்லை. மெடிக்கின் உயிர் 150. சார்ஜே இல்லாத ஒரு தலைக்குண்டு போதும், நான் காலி. பெரிய உடம்புக்கார ஹெவிக்கு 300, நான் அவருக்கு மருந்து ஊற்றி ஏற்றினால் 450. முழு சார்ஜ் தலைக்குண்டும் சரியாக 450.

ஒன்பதுக்கு ஒன்பது ஆடும் ஹைலேண்டரில் ஒவ்வொரு கிளாஸிலும் (பாத்திர வகையிலும்) ஒருவர்தான். ஒரே மெடிக், எனக்கு மருந்து ஊற்ற இன்னொரு மெடிக் கிடையாது. நான் ஊபர் (சிறிது நேரம் சாகாமல் காக்கும் சக்தி) ஏற்றக் குறைந்தது நாற்பது நொடி ஆகும். எதிர் ஸ்னைப்பர் என்னை அதற்கு முன் எடுத்துவிட்டால் அந்த நாற்பது நொடியும் போச்சு, எங்கள் அடுத்த தாக்குதலும் போச்சு. அவர் அந்த மேட்சில் வேறு யாரையும் தொடாவிட்டாலும் சம்பளத்துக்கு உழைத்துவிட்டார் என்பேன். கொலைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்துகொண்டு என்னை ஒருமுறைகூடச் சுடாத ஸ்னைப்பரும் உண்டு. அவரைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் கதை வேறு. இரண்டு ஸ்கவுட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக் என்பதுதான் வழக்கம். ஸ்னைப்பருக்கு நிரந்தர இடம் கிடையாது. இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும்போதோ கடைசிப் பாயிண்டைக் காக்கும்போதோ யாராவது ஒருவர் மாறி வருவார், வேலை முடிந்ததும் பழைய கிளாஸுக்குத் திரும்புவார். எப்போதும் வேண்டியவர் இல்லை, சில நேரம் அவர் இல்லாமல் முடியாது.

பொது சர்வரில் நடப்பது தனிக்கூத்து. 2ஃபோர்ட் மேப்பில் இரண்டு கோட்டை மாடத்திலும் மூன்று மூன்று ஸ்னைப்பர்கள் நின்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். கீழே கைப்பற்ற வேண்டிய ப்ரீஃப்கேஸ் யாரும் தொடாமல் கிடக்கும். அவர்களுக்கு அது ஒரு தனி ஆட்டம். நடத்தட்டும்.

#7 வெறும்கை

எல்லோரும் ஸ்னைப்பரை எப்படிப் பயன்படுத்துவது என்றே பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையே பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு குண்டு, செத்தோம். எதிர்த்துச் செய்ய ஒன்றும் இல்லை. ரைஃபிளில் சண்டை என்றால் முதல் குண்டு பட்ட பிறகாவது ஒதுங்கலாம், திருப்பி அடிக்கலாம். மவுஸ் நன்றாக அசைக்கத் தெரிந்தவன் மற்ற ஒன்பது பேரின் ஆட்டத்தைக் கெடுக்கலாம் என்பது என்ன வடிவமைப்பு?

#8 பிங்120

வெறும்கை ப்ரோ, செய்ய ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்னைப்பருக்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். அக்கா சொன்ன டிஎஃப்2-இல் ஸ்கோப் போட்டால் சுவரில் ஒரு வண்ணப்புள்ளி விழும், எதிரிக்கும் அது தெரியும். ஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவரின் பின்னால் மாறுவேடக்கார ஸ்பை வந்து நிற்பதும் அதே கடிவாளம்தான். பேட்டில்ஃபீல்ட் 3-இல் ஸ்கோப் கண்ணாடி தூரத்திலிருந்தே மின்னும். சிஎஸ்ஸில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் இரண்டாவது ஆள் வந்து சுட்டுவிடலாம். அதனால்தான் ஏடபிள்யூபி நிற்கும் மூலைக்குள் தனியாகப் போகக்கூடாது, இருவராகப் போக வேண்டும். காலில் பட்டால் சாக மாட்டீர்கள் என்பதும் உண்டு.

வாலரன்ட் ஆட்டத்தில் ஆபரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி 4700. உடம்பில் பட்டால் 150 சேதம், முழுக் கவசம் போட்டவரின் உயிரும் 150. சிஎஸ்ஸை விட அங்கேதான் கடிவாளம் தளர்ந்திருந்தது. ஜெட் என்ற பாத்திரமாக ஆடுபவர் ஒருவரைச் சுட்டுவிட்டு டேஷில் (திடீர்ப் பாய்ச்சலில்) பறந்துவிடுவார், ட்ரேட் எடுக்கவே (சுட்டவரை உடனே திருப்பிச் சுடவே) முடியாது. 2022-இல் டேஷை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு, சில நொடிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று மாற்றினார்கள். சுடுவது பிரச்சினையாக இல்லை, சுட்ட பிறகு தப்பிப்பதுதான் பிரச்சினை.

#9 வெறும்கை

கடிவாளம் இருக்கிறது, சரி. ஆனால் அதைப் பிடிக்க என்னோடு இரண்டாவது ஆள் வேண்டும், ஸ்மோக் வேண்டும், வாயைத் திறந்து பேசுகிற டீம் வேண்டும். தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடத் தனியாக க்யூ போடுகிறவனுக்கு இதெல்லாம் கிடைக்காது. ஐந்து பேராகச் சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு ஸ்னைப்பர் ஒரு புதிர், எனக்கு அவர் அபராதம். இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

#10 மலைமேல்ஒருவன்

பெயரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள். பேட்டில்ஃபீல்ட் ஆட்டம், ஸ்னைப்பர் தூக்கும் ரீகான் கிளாஸ். 64 பேர் மேப்பில் குன்றின்மேல் படுத்துக்கொண்டு கொடியைப் பிடிக்க வராதவர்கள் என்று எங்களைத் திட்டுவார்கள். பாதி நியாயம்தான். கான்குவெஸ்ட் முறையில் கொடி அதிகம் வைத்திருக்கும் பக்கம் எதிரியின் டிக்கெட்டைக் கரைக்கும், டிக்கெட் தீர்ந்தால் தோல்வி. காஸ்பியன் பார்டர் மேப்பின் ஆண்டெனா உச்சியில் உட்கார்ந்து எத்தனை பேரைச் சுட்டாலும் கொடி தானாக நிறம் மாறாது.

ஆனால் ரீகானின் பையில் துப்பாக்கி மட்டுமா இருக்கிறது? ரேடியோ பீக்கன் ஒன்றை எதிரிக் கொடிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் என் ஸ்குவாட் முழுக்க அங்கே பாராசூட்டில் வந்து இறங்கும். மோஷன் சென்சாரைப் போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் யார் நடமாடுகிறார்கள் என்று மினிமேப்பில் தெரியும். லேசரில் டாங்கைக் குறிவைத்துக் கொடுத்தால் இன்ஜினியரின் ஏவுகணை அங்கே போய் விழும். இந்த மூன்றுக்கும் ஸ்கோப்பே தேவையில்லை. பீக்கன் வைக்கத் தெரிந்த ரீகான் ஒருவர் இருந்தால் குன்றில் படுத்திருக்கும் பத்துப் பேரை நான் மன்னித்துவிடுவேன். (நானும் சில நேரம் படுப்பேன். அங்கிருந்து பார்க்க மேப் நன்றாக இருக்கும்.)

#11 எரங்கல்வாசி

பிஜிஎம்ஐ (கடைசிவரை பிழைப்பவர் ஜெயிக்கும் மொபைல் ஆட்டம்) ஆட்களும் இருக்கிறோம். இங்கே நான்கு பேர் ஸ்குவாட். கார்98 ஸ்னைப்பரின் தலைக்குண்டு லெவல் 2 ஹெல்மெட் வரைக்கும் விழுத்தும், லெவல் 3 என்றால் ஏர்டிராப்பில் வரும் ஏடபிள்யூஎம் வேண்டும். ஆனால் விழுத்தினால் சாக மாட்டான், நாக் ஆவான். தூக்கிவிடப் பத்து நொடி. எங்கள் ஸ்னைப்பர் இருநூறு மீட்டர் தள்ளி ஒருவனை நாக் பண்ணிவிட்டு "ஒண்ணு நாக், ஒண்ணு நாக்" என்று கத்துவான். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவன் எழுந்து மருந்தும் போட்டுக்கொண்டிருப்பான். இதில் சேதக்கணக்கு மட்டும் அவன் பெயரில் ஏறும்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று நாக் பண்ணினால் அது பொன்னான நாக். உடனே நான்கு பேரும் ஏறிப் போய் நான்குக்கு மூன்றாகச் சண்டை போடலாம். வண்டி இல்லாத இடத்தில் ஸ்னைப்பர் நாக் பண்ணுவது நாம் எங்கே இருக்கிறோம் என்று ஊருக்கே சொல்வதற்குத்தான் உதவும்.

#12 மிட்கதவு

வணக்கம். இழையின் லிங்க் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. அந்த நண்பன் நான்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள். மிராஜில் சிடியாக ஆடும்போது ஜன்னலில் நிற்கிறேன். மிட்டில் ஒருவனை எடுக்கிறேன். அந்த நொடியே எதிரிக்கு என் இடம் தெரிந்துவிட்டது. பக்கத்து வழியான கனெக்டரில் ஒருவன் நின்றால் நான் பின்வாங்கும்போது காப்பான். ஆனால் அவன் தனக்கும் ஒரு கொலை வேண்டும் என்று கீழே இறங்கிப் போயிருப்பான். என்னை எடுத்தவனை எடுக்க அங்கே ஆள் இல்லை.

டெரரிஸ்ட் பக்கம் இன்னும் மோசம். மிட்டைப் பார்க்கலாம் என்று ஸ்கோப் போட்டால், எங்கள் டீம் போட்ட ஸ்மோக்கே என் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். அண்ணன் சொன்னாரே, கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. கட்ட விடுங்கள் முதலில். அப்புறம், எங்களிடம் காசு புரளும்போது நான் எத்தனை ரைஃபிள் வாங்கித் தந்திருக்கிறேன் என்பதை நண்பர் எழுதவே இல்லை.

#13 கடைசிஆள்

டேய், இங்கேயுமா.

சரி, ரைஃபிள் வாங்கித் தந்தது உண்மை. ஆனால் டெமோவைப் பார்த்துவிட்டேன். திருச்சி அண்ணன் சொன்னபடியே. அவன் கொலைகளில் பெரும்பகுதி பாம் வைத்த பிறகு விழுந்தவை. அதிலும் பாதி, நாங்கள் மூன்று பேர் செத்து ரவுண்டு ஏற்கெனவே போன பிறகு.

#14 திருச்சி1.6

வெளியேறுகிறவர்களைச் சுடுவதற்கும் மதிப்பு உண்டு தம்பி, அதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ஜெயித்த பக்கம் மூன்று ரைஃபிளை இழந்தால் அடுத்த ரவுண்டில் அவர்கள் கையிருப்பு குறையும். ஆனால் அது பழுதுபார்க்கும் வேலை. ஆட்டத்தை ஜெயிக்க அது போதாது. அதுவும் சிஎஸ்2-இல் ஒரு பாதிக்கு 12 ரவுண்டுதான், முன்பு 15 இருந்தது. தோற்றபின் பணத்தைச் சேர்த்துக்கொண்டு மீண்டு வரலாம் என்ற பொறுமைக்கு இப்போது இடம் குறைவு.

மிட்கதவு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் கொலை விழுந்ததும் என்ன செய்கிறீர்கள்?

#15 மிட்கதவு

அடுத்தவனுக்காக அதே இடத்தைத் திரும்பப் பார்ப்பேன். எப்படியும் ட்ரேட் எடுக்க வருவான் என்று.

#16 திருச்சி1.6

அங்கேதான் காசு போகிறது. வருகிறவன் ஃபிளாஷோடு வருவான், உங்கள் இடம் தெரிந்து வருவான். உங்கள் கையில் ஒன்றரை நொடிக்கு ஒரு குண்டு. முதல் கொலைக்குப் பிறகு நீங்கள் உயிரோடு இருந்தால் ஐந்து பேரும் ஒரு ஏடபிள்யூபியும் நம் பக்கம். செத்தால் நாலுக்கு நாலு, அது மட்டும் இல்லை, 4750 டாலர் துப்பாக்கி அவன் கையில். எடுத்ததும் விலகுங்கள். ஜன்னலை விட்டு உள்ளே வந்து ஏ சைட் பக்கம் நகர்ந்து, அவர்கள் எதிர்பார்க்காத இன்னொரு மூலையைப் பிடியுங்கள். மிட்டில் நீங்கள் இன்னும் இருப்பதாக நினைத்து அவர்கள் ஸ்மோக் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

கடைசிஆள், உங்களுக்கும். கனெக்டரில் நிற்பவர் இறங்கிப் போகக்கூடாது என்று அவர் சொன்னது சரியான புகார். ஏடபிள்யூபிக்கு அருகில் ஒரு ரைஃபிள் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆளுக்குக் கொலை குறைவாகத்தான் விழும், அதற்காக அவரைத் திட்டக்கூடாது. ஸ்மோக் பிரச்சினைக்கு ஒரே வழி, ரவுண்டு தொடங்கும் முன் மைக்கில் சொல்வது: "முதல் பதினைந்து நொடி மிட் எனக்கு, ஸ்மோக் வேண்டாம்." சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

#17 ஊபர்அக்கா

இதையே எங்கள் பக்கத்திலும் சொல்வோம். ஸ்னைப்பரைத் தனியாக விட்டுவிட்டு, ஸ்பை குத்தியதும் "நீ ஏன் திரும்பிப் பார்க்கலை" என்று கேட்பது அநியாயம். ஸ்கோப்பில் பார்ப்பவருக்குத் திரும்பிப் பார்க்கக் கண் கிடையாது. இடையிடையே ஒரு பைரோ போய் அந்த மூலையில் நெருப்பு ஊதிவிட்டு வந்தால் போதும்.

இன்னொரு விஷயம், யாரும் தொடவில்லை. ஓவர்வாட்ச்சில் அனா என்று ஒரு பாத்திரம், 2016 ஜூலையில் வந்தது. தோளில் ஸ்னைப்பர் ரைஃபிள், வேலை மருத்துவம். அதே ஸ்கோப், அதே குறி. நண்பர்மேல் பட்டால் உயிர் ஏறும், எதிரிமேல் பட்டால் இறங்கும். விடோமேக்கர் ஆடுகிறவர் எதிரியின் தலையைத் தேடிக்கொண்டிருக்கும்போது அனா தன் டீமைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கொலையே எடுக்காத ஸ்னைப்பரை டீம் தாங்குமா என்று கேட்டால், அனா இல்லாமல் ஆடச் சொன்னால் தெரியும்.

#18 வெறும்கை

நெருப்பு ஊத ஆள், கனெக்டரில் ஆள், வண்டியோடு ஆள். ஒருவர் ஸ்கோப் பார்க்க எத்தனை பேர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள். என் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

#19 மிட்கதவு

திருச்சி அண்ணே, விலகுகிற விஷயத்தைச் செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம். காசு குறைவான ரவுண்டில் யாரிடமும் கேட்காமல் என்ன எடுப்பது? பிஸ்டலோடு ஜன்னலில் நின்று பயனில்லை.

#20 திருச்சி1.6

ஸ்கவுட் என்ற மலிவான ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுங்கள், 1700தான். தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் ஆள் காலி. உடம்பில் பட்டால் சாக மாட்டான், ஆனால் கால்வாசி உயிரோடு நிற்பான். உடனே "மிட்டில் ஒருத்தன், ஒரு அடிதான்" என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பிஸ்டலிலேயே முடித்துவிடுவார். ஓட்டமும் வேகம், தாவி உச்சியில் இருக்கும்போது சுட்டாலும் குண்டு நேராகப் போகும். சுட்டுவிட்டு விலகும் பழக்கம் வர ஏடபிள்யூபியை விட இது நல்ல பயிற்சி, ஏனென்றால் நின்று ஆடினால் இது உங்களைக் காப்பாற்றாது.

#21 கடைசிஆள்

அந்த ரவுண்டில் கனெக்டரில் நான் நிற்கிறேன். இறங்க மாட்டேன். நீ உடம்பில் அடித்துவிட்டுக் கத்தினால் போதும், எங்கே நிற்கிறான் என்று மட்டும் ஒழுங்காகச் சொல். "அங்கடா, அங்கடா" என்று சொல்லாதே.